பேலம், அந்தரகங்கை போகிறோம்: குகைக் காற்றில் பூஞ்சை ஸ்போர் இருப்பது உண்மையா, எவ்வளவு பயப்பட வேண்டும்?

செந்தில்_வைட்ஃபீல்ட் | வியாழன், இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் மூன்று நாள் விடுமுறை சேர்ந்து வருகிறது. குடும்பத்தோடு ஆந்திராவில் உள்ள பேலம் குகைக்குப் போகலாம் என்று வண்டி பேசி வைத்திருக்கிறேன். அதற்கு முந்தைய வாரம் அலுவலக நண்பர்கள் கோலார் அந்தரகங்கைக்கு இரவு ட்ரெக்கிங் கூப்பிடுகிறார்கள். அங்கேயும் பாறை இடுக்குகளில் ஊர்ந்து போகிற குகைகள் உண்டாம்.

நேற்று எங்கள் அடுக்ககக் குழுவில் ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தது. குகைக்குள் காற்று முழுக்கப் பூஞ்சை ஸ்போர் (பூஞ்சையின் நுண் வித்து) மிதக்கிறது, ஒரு தடவை சுவாசித்தாலே நுரையீரல் கெட்டுவிடும் என்று. இந்த மாதிரிச் செய்திகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அம்மாவை நினைத்துத்தான் கேட்கிறேன். அவருக்கு 64 வயது. முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட்டும் கொஞ்சம் ஸ்டீராய்டும் எடுக்கிறார், சர்க்கரையும் இருக்கிறது. மகளுக்கு 9 வயது, வீசிங் உண்டு, இன்ஹேலர் எப்போதும் பையில் இருக்கும்.

குகைக் காற்றில் உண்மையிலேயே பூஞ்சை இருக்கிறதா? மாஸ்க் போட்டால் போதுமா? யாரைக் கூட்டிக்கொண்டு போகலாம், யாரை வீட்டில் விட வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குகைநடை | வியாழன், இரவு 10:25

செந்தில், இரண்டு இடத்தையும் ஒரே மாதிரி நினைக்காதீர்கள். பேலம் சுண்ணாம்புக்கல் குகை. தண்ணீர் பாறையைக் கரைத்துக் கரைத்து உண்டாக்கியது. 1884இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் இதைப் பற்றி எழுதினார். அதன் பிறகு 1982இலிருந்து 1984 வரை டேனியல் கெபாவர் தலைமையில் ஜெர்மானியர்கள் வந்து அளந்தார்கள். மொத்தம் 3.2 கிலோமீட்டருக்குச் சற்று மேல், அதில் சுமார் ஒன்றரை கிலோமீட்டர்தான் நமக்குத் திறந்திருக்கிறது. நடைபாதை, விளக்கு எல்லாம் போட்டிருக்கிறார்கள். உள்ளே புழுக்கம் அதிகம், சட்டை நனைந்துவிடும். மூச்சு வாங்குகிறது என்று பலர் சொல்வது பெரும்பாலும் அந்தச் சூட்டினாலும் ஈரத்தினாலும்தான்.

அந்தரகங்கை வேறு கதை. பெரிய பெரிய பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்ததில் உண்டான இடுக்குகள் அவை. முட்டி போட்டு, சில இடத்தில் வயிற்றால் ஊர்ந்து போக வேண்டும். முகம் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கும். அந்தத் தரையில் என்ன கிடக்கிறது என்பதுதான் உங்கள் கேள்விக்குப் பதில்.

நான் மேகாலயாவில் சில குகைகளுக்குள் போயிருக்கிறேன். வவ்வால் கூட்டம் தங்கும் அறைக்குள் நுழைவதற்கு முன்பே அம்மோனியா நெடி மூக்கில் ஏறும். கண் எரியும். கூரையிலிருந்து சொட்டும் தண்ணீர் விழுகிற பக்கம் எச்சம் சேறாகக் கிடக்கும், அதன்மேல் வண்டுகளும் கரப்பான்களும் ஓயாமல் ஊர்ந்துகொண்டிருக்கும். தண்ணீர் படாத மூலையில் அதே எச்சம் அரைத்த காபித்தூள் மாதிரி உதிர்ந்து கிடக்கும். ஒரு காலடி வைத்தால் போதும், நெற்றி விளக்கின் ஒளிக்கற்றையில் பழுப்புத் தூசி எழும்பி நிற்பது தெரியும். அது கீழே இறங்குவதற்காக நாங்கள் காத்திருந்து பார்த்திருக்கிறோம். இறங்காது. அந்த மூலைக்கு இப்போதெல்லாம் எங்கள் குழுவில் யாரும் மாஸ்க் இல்லாமல் போவதில்லை, வேலை இல்லையென்றால் போவதே இல்லை.

ஹலசூர்_முருகேசன் | வெள்ளி, காலை 6:15

தம்பிகளா, நான் பெங்களூரில் நாற்பது வருடத்துக்கு மேலாக இருக்கிறவன். கவிபுரம் கவி கங்காதரேஸ்வரர் குகைக் கோயிலுக்குச் சின்ன வயதிலிருந்து போகிறேன். சங்கராந்தி அன்று சூரிய வெளிச்சம் நந்தியின் கொம்புகளுக்கு நடுவே புகுந்து லிங்கத்தின் மேல் விழுவதைப் பார்க்க எத்தனை ஆயிரம் பேர் அந்தச் சின்ன குகைக்குள் நெருக்கி நிற்கிறார்கள்! ஊரில் எங்கள் சிவன் கோயில் மண்டபத்தில் வவ்வால் இல்லாத நாளே கிடையாது. எங்கள் பாட்டி அதைக் கூட்டிப் பெருக்கித்தான் கோலம் போட்டார், 90 வயது வரை இருந்தார். சித்தர்கள் குகையில்தான் வருடக்கணக்கில் தவம் இருந்தார்கள். ஏற்கெனவே கோயிலுக்கு வருகிற இளைஞர்கள் குறைவு. இப்படிப் பயமுறுத்தினால் இன்னும் குறைந்துவிடுவார்கள் என்பது என் கவலை. ஆதாரம் இருந்தால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

அகார்_தட்டு | வெள்ளி, மதியம் 1:10

முருகேசன் ஐயா கேட்டது நியாயமான கேள்வி. நான் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன், காற்று மாதிரி எடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், பூஞ்சை ஸ்போர் இல்லாத காற்று என்று நாம் வாழும் இடத்தில் எதுவும் கிடையாது. ஹலசூர் ஏரிக்கரையில் நிற்கும்போதும் சுவாசிக்கிறோம், வைட்ஃபீல்டில் ஏசி போட்ட அறையிலும் சுவாசிக்கிறோம். குகைகளில் இதுவரை பதிவான பூஞ்சை வகைகள் ஆயிரத்துக்கும் மேல். அவற்றில் பெரும்பாலானவை வெளியே மண்ணிலும் இலைகளிலும் இருப்பவைதான். காற்றோட்டம், தண்ணீர், வவ்வால், பூச்சி, நம்மைப் போன்ற மனிதர்கள் எல்லாம் சேர்ந்து அவற்றை உள்ளே கொண்டு போகிறார்கள்.

எப்படி அளக்கிறோம் என்று சொன்னால் விஷயம் பிடிபடும். எளிய வழி, அகார் (பூஞ்சை வளர்வதற்கான கூழ்) ஊற்றிய பெட்ரி தட்டை மூடியைத் திறந்து தரையில் கொஞ்ச நேரம் வைப்பது. தானாக வந்து விழுகிறது விழட்டும். இதில் எத்தனை லிட்டர் காற்றிலிருந்து விழுந்தது என்று தெரியாது. அதனால் ஆண்டர்சன் கருவி மாதிரியானவற்றைப் பயன்படுத்துகிறோம். அது நிமிடத்துக்கு 28.3 லிட்டர் காற்றை உறிஞ்சி, நுண்துளைகள் வழியாகத் தட்டின்மேல் அடிக்கும். ஆறு அடுக்கு உள்ள கருவியில் மேல் அடுக்கில் பெரிய துகள்கள் சிக்கும், அடியில் மிகச் சிறியவை. மூக்கிலேயே நின்றுவிடுவது எது, நுரையீரலின் அடி வரை போவது எது என்று அதை வைத்து ஊகிக்கலாம்.

தட்டை ஆய்வகத்தில் வைத்த மூன்றாம் நாள் பார்க்க வேண்டும், ஒவ்வொரு பூஞ்சையும் ஒவ்வொரு விதமாகத் தெரியும். பெனிசிலியம் நீலப்பச்சைப் பொடியாக, ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோட்டோடு வட்டமாக நிற்கும். கிளாடோஸ்போரியம் கரும்பச்சை வெல்வெட். ஆஸ்பர்ஜிலஸ் நைஜர் முதலில் வெள்ளையாகத்தான் வரும், மறுநாள் அதன்மேல் கறுப்புப் புள்ளிகள் நெருக்கமாகக் கிளம்பிவிடும். ரைசோபஸ் ஒன்றே ஒன்று விழுந்திருந்தால் கூடப் போச்சு, சாம்பல் நிற இழை மூடியைத் தொடும் அளவுக்கு வளர்ந்து மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும். வெளிக்காற்றில் பொதுவாகக் கிளாடோஸ்போரியம் ஓங்கியிருக்கும். குகைக்குள் போகப் போகப் பெனிசிலியம், ஆஸ்பர்ஜிலஸ் பங்கு கூடுவதை நிறைய ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். வவ்வால் எச்சத்தோடு சேர்த்துப் பேசப்படும், நுரையீரலைத் தாக்கக்கூடிய பூஞ்சை ஹிஸ்டோபிளாஸ்மா கேப்சுலேட்டம். இது மேலே சொன்ன தட்டுகளில் அநேகமாகத் தெரியவே தெரியாது. வளர வாரக்கணக்கில் எடுத்துக்கொள்ளும், அதற்குள் ஆஸ்பர்ஜிலஸ் தட்டையே நிரப்பிவிடும். ஆகவே ஒரு குகையில் தட்டு வைத்துப் பார்த்து "ஆபத்தான பூஞ்சை எதுவும் இல்லை" என்று யாராவது சொன்னால், அந்தத் தட்டில் வரக்கூடியது வரவில்லை என்று மட்டும்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அதேபோல் காலனி (தட்டில் வளர்ந்த திட்டு) எண்ணிக்கை கூடுதலாக வந்ததாலேயே ஒரு குகை அபாயகரம் ஆகிவிடாது. எந்தப் பூஞ்சை, எந்தத் தரையிலிருந்து கிளம்பியது என்று பார்க்க வேண்டும்.

ஹிஸ்டோபிளாஸ்மாவின் நுண் ஸ்போர் 2 முதல் 5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 3 மைக்ரான் துகள் ஒன்று அசையாத காற்றில் ஒரு மீட்டர் இறங்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். குகைநடை "இறங்காது" என்று சொன்னது இதைத்தான். இதில் பலர் யோசிக்காத ஒன்று இருக்கிறது. ஒரு குழு வரிசையாகப் போகும்போது முன்னால் போகிறவர் கிளப்பிவிட்டதைக் கடைசியில் வருகிறவர்தான் சுவாசிக்கிறார். பலவீனமானவரைப் பத்திரமாக இருக்கட்டும் என்று வரிசையின் கடைசியில் விடுவது நம் வழக்கம். தூசி உள்ள இடத்தில் அது தலைகீழாகிவிடும்.

ஐயாவின் பாட்டிக்கு வருகிறேன். இந்தப் பூஞ்சையைச் சுவாசிப்பவர்களில் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் வராது, அல்லது சாதாரணச் சளிக் காய்ச்சல் மாதிரி வந்து போய்விடும். பாட்டி 90 வயது வரை இருந்ததும் உண்மை, ஸ்டீராய்டு எடுக்கும் செந்திலின் அம்மாவுக்கு அது பொருந்தாது என்பதும் உண்மை. அப்புறம், கவி கங்காதரேஸ்வரர் மாதிரி நாள்தோறும் கழுவி, பூஜை நடந்து, ஆள் நடமாட்டம் உள்ள குகைக் கோயிலில் காய்ந்த எச்சம் குவிந்து கிடக்க வாய்ப்பில்லை. அங்கே போவதை யாரும் தடுக்கவில்லை.

நெஞ்சக_மருத்துவன் | வெள்ளி, இரவு 11:05

பெங்களூரில் நுரையீரல் மருத்துவம் பார்க்கிறேன். மருத்துவப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

ஹிஸ்டோபிளாஸ்மா மண்ணில் இருக்கும்போது இழையாக வளரும். நம் உடலின் 37 டிகிரிச் சூட்டில் ஈஸ்ட் வடிவத்துக்கு மாறி, கிருமிகளை விழுங்க வேண்டிய நம் செல்களுக்குள்ளேயே குடியிருக்கும். சுவாசித்து 3 முதல் 17 நாட்களுக்குள் காய்ச்சல், வறட்டு இருமல், உடல்வலி, களைப்பு வரலாம். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. இந்தியாவில் கங்கைச் சமவெளியில், குறிப்பாக மேற்கு வங்கத்தில், அதிகம் பேசப்படும் நோய் இது. தென் மாநிலங்களிலும் நோயாளிகள் பதிவாகியிருக்கிறார்கள்.

எங்களுக்குத் தலைவலி எங்கே என்றால், இதன் நாள்பட்ட வடிவம் எக்ஸ்ரேயில் டிபி மாதிரியே இருக்கும். எடை குறையும், இரவில் வியர்க்கும், இருமல் நிற்காது. திசுவை எடுத்துப் பார்த்தாலும் டிபியில் வருகிற அதே மாதிரி முடிச்சுகள் தெரியும். டிபி இவ்வளவு பரவலாக உள்ள நாட்டில் மருத்துவரின் மனம் முதலில் அங்கேதான் போகும். மாதக்கணக்கில் டிபி மாத்திரை சாப்பிட்டும் குணமாகாமல் வருகிறவர்களிடம் "வவ்வால் உள்ள இடத்துக்கு, குகைக்கு, பழைய கட்டடத்துக்குப் போனீர்களா?" என்று நான் கேட்பது உண்டு. அந்த ஒரு தகவல் கிடைத்தால் சிறுநீரில் ஆன்டிஜென் (பூஞ்சையின் துணுக்கு), ரத்தத்தில் ஆன்டிபாடி (அதை எதிர்க்க உடல் உண்டாக்குவது), திசுவில் பூஞ்சைக்கான தனிச் சாயம் என்று தேடலாம். கண்டுபிடித்துவிட்டால் மருந்து இருக்கிறது. லேசானது தானாகவே அடங்கும், நீடித்தால் இட்ராகொனசோல், கடுமையானால் ஆம்போடெரிசின் பி. ஆகவே குகைக்குப் போய் வந்த பிறகு காய்ச்சல் வந்தால், கேட்காவிட்டாலும் நீங்களே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

செந்தில், உங்கள் அம்மா விஷயத்தில் தயக்கமே வேண்டாம். மெத்தோட்ரெக்ஸேட்டோடு ஸ்டீராய்டு எடுப்பவர், இரண்டுமே நோய் எதிர்ப்பைக் குறைப்பவை, கூடவே சர்க்கரை. வவ்வால் தங்கும் எந்தக் குகைக்குள்ளும் அவர் போகக் கூடாது. நோய் எதிர்ப்பு குறைந்தவர்களுக்கு இது நுரையீரலோடு நிற்காமல் கல்லீரல், எலும்பு மஜ்ஜை, அட்ரினல் சுரப்பி என்று பரவும். பேலம் மாதிரிச் சுற்றுலாக் குகைக்குக்கூட அவருடைய வாத நோய் மருத்துவரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். அங்கே படிகளும் புழுக்கமும் வேறு இருக்கின்றன.

மகளுக்குப் பிரச்சினை வேறு. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆஸ்பர்ஜிலஸ் ஸ்போர் ஒவ்வாமையைத் தூண்டலாம். கடந்த சில வாரங்களில் வீசிங் அடிக்கடி வந்திருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். நன்றாக இருக்கிறாள், தினசரி மருந்தை விடாமல் எடுக்கிறாள் என்றால் போகலாம். இன்ஹேலர் வண்டியில் இருக்கக் கூடாது, கையில் இருக்க வேண்டும்.

செந்தில்_வைட்ஃபீல்ட் | சனி, காலை 8:30

டாக்டர், ரொம்ப நன்றி. அம்மா குகைக்குள் வரமாட்டார், அது முடிவாகிவிட்டது. 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது கறுப்புப் பூஞ்சை என்று பயந்தோமே, குகையில் இருப்பதும் அதே வகையா? அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் கேட்கிறேன்.

அகார்_தட்டு | சனி, காலை 9:15

இல்லை, அது வேறு. அது மியூகோர்மைகோசிஸ். ரைசோபஸ் குடும்பத்துப் பூஞ்சைகள் உண்டாக்குவது. நான் மேலே சொன்னேனே, தட்டு முழுக்கப் படர்ந்துவிடும் என்று, அதே இனம்தான். அதன் ஸ்போர் அழுகின காய்கறியிலும் பழைய ரொட்டியிலும் மண்ணிலும் எங்கும் இருக்கிறது, குகைக்கென்று தனியாக இல்லை. கட்டுப்பாடில்லாத சர்க்கரையும் அதிக ஸ்டீராய்டும் சேர்ந்ததுதான் 2021இல் அத்தனை பேரைப் பாதித்தது. அம்மாவின் சர்க்கரை கட்டுக்குள் இருப்பது எந்தக் குகையையும் தவிர்ப்பதைவிட முக்கியம்.

தங்கவயல்_பிள்ளை | சனி, மதியம் 12:50

பூமிக்கு அடியில் பூஞ்சை என்றவுடன் எழுதத் தோன்றியது. நான் கே.ஜி.எஃப்., அதாவது கோலார் தங்கவயல்காரன். தாத்தா, அப்பா இருவரும் சுரங்கத்தில் வேலை செய்தவர்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம், 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மூடினார்கள். கீழே பாறைச் சூடும் ஈரமும் தாங்காது. கூரையைத் தாங்குவதற்கு முட்டுக் கொடுத்த மரங்களில் வெள்ளை வெள்ளையாகப் பூத்துத் தொங்கும் என்று அப்பா சொல்வார். கைவிளக்கை அருகில் கொண்டுபோனால் அந்த இழை லேசாக ஆடுமாம். அந்தப் பக்கம் காற்று வருகிறது என்று அதை வைத்துத் தெரிந்துகொள்வார்களாம்.

எங்கள் ஊரில் நெஞ்சு போனவர்கள் பலர். ஆனால் அது பூஞ்சையால் வந்ததில்லை. பாறையைத் துளைக்கும்போது வருகிற சிலிகாத் தூசி. சிலிகோசிஸ். அதற்குப் பிறகு டிபியும் சேர்ந்துகொள்ளும். எங்கள் தெருவில் இருமல் சத்தம் இல்லாத வீடு நான் சின்ன வயதில் பார்த்ததில்லை. பூமிக்கு அடியில் சுவாசிக்கிற எல்லாக் கெடுதியையும் ஒரே பெயரில் பேசக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். அகார்_தட்டு அக்கா, அந்த மரத்தில் வளர்ந்தது ஆளுக்கு ஏதாவது செய்யுமா?

அகார்_தட்டு | சனி, மாலை 5:20

தம்பி, உங்கள் அப்பா பார்த்தது மரத்தை அரிக்கும் பூஞ்சையின் இழையாக இருக்கும். அது பெரும்பாலும் மரத்துக்குத்தான் கேடு. ஆனால் சுரங்க மரத்திலிருந்து தொழிலாளர்களுக்குப் பூஞ்சை நோய் பரவிய பெரிய வரலாறு ஒன்று உண்டு. தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கச் சுரங்கங்களில் 1940களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 3,000 பேருக்கு ஸ்போரோட்ரிகோசிஸ் வந்தது. முட்டு மரங்களில் ஸ்போரோத்ரிக்ஸ் என்ற பூஞ்சை வளர்ந்திருந்தது. மரத்தில் உரசிய கீறல் வழியாக உள்ளே போய், கையிலும் காலிலும் வரிசையாகப் புண்களை உண்டாக்கியது. மரத்துக்குப் பூஞ்சைக்கொல்லி போட்டார்கள், தொழிலாளர்களுக்குப் பொட்டாசியம் அயோடைடு கொடுத்தார்கள், அடங்கியது. கவனியுங்கள், அது காற்றில் வரவில்லை, தோல் வழியாக வந்தது. அந்தரகங்கையில் ஊர்கிறவர்களும் முழுக்கைச் சட்டையும் கையுறையும் போட்டுக்கொள்வது நல்லது.

காவ்யா_இசிட்டி | சனி, இரவு 8:45

எல்லோரும் குகை நமக்கு என்ன செய்யும் என்று பேசுகிறீர்கள். நாம் குகைக்கு என்ன செய்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும் என்று எனக்கு மனசு அடித்துக்கொள்கிறது. பழைய ஓவியங்களைப் பாதுகாக்கும் துறையில் படித்தவள் நான்.

பிரான்சில் கற்கால ஓவியங்கள் உள்ள லாஸ்கோ குகை. 1940இல் கண்டுபிடித்தார்கள், போர் முடிந்து 1948இல் மக்களுக்குத் திறந்தார்கள். பல ஆயிரம் வருடம் யாரும் மூச்சு விடாத அறையில் தினமும் நூற்றுக்கணக்கானவர்கள் வந்து மூச்சு விட்டார்கள். விளக்கு வெளிச்சத்தில் சுவரில் பாசி படர்ந்தது, மூச்சின் ஈரமும் கரியமில வாயுவும் பாறையைக் கெடுத்தன. 1963இல் மூடியேவிட்டார்கள். அதோடு முடியவில்லை. 2001இல் ஃபுசேரியம் சோலானி என்ற வெள்ளைப் பூஞ்சை தரையிலும் சுவர் ஓரங்களிலும் திடீரென்று பரவியது. சுண்ணாம்பைக் கொட்டினார்கள், கிருமிநாசினி அடித்தார்கள். பிறகு கறுப்புத் திட்டுகள் வந்தன. அந்தக் கறுப்புப் பூஞ்சையைத் தின்னும் மிகச் சிறிய பூச்சிகளே அதன் ஸ்போரை உடம்பில் ஒட்டவைத்து வேறு இடங்களுக்குக் கொண்டுபோனதையும் பார்த்தார்கள். ஒரு குகையில் நுண்ணுயிர்களின் கணக்கு ஒருமுறை குலைந்துவிட்டால் மருந்து அடித்துச் சரிசெய்வது எவ்வளவு கஷ்டம் என்று பாருங்கள்.

இன்னொன்று வவ்வால்கள். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் ஒரு குகையில் 2006 பிப்ரவரியில் மூக்கில் வெள்ளை படிந்த வவ்வால்களைப் படம் எடுத்தார்கள். சூடோஜிம்னோஅஸ்கஸ் டெஸ்ட்ரக்டன்ஸ் என்ற பூஞ்சை. குளிர்கால உறக்கத்தில் இருக்கும் வவ்வாலின் தோலில் வளர்ந்து, அதை அடிக்கடி எழுப்பி, சேர்த்து வைத்த கொழுப்பைத் தீர்த்துவிடும். வசந்தம் வருவதற்குள் பட்டினியில் செத்துவிடும். லட்சக்கணக்கில், சில வருடங்களில் 50 லட்சத்துக்கும் மேல் இறந்ததாக மதிப்பிட்டார்கள். மனிதர்களுக்கு அது தொற்றாது. ஆனால் மனிதர்களின் காலணியிலும் உடையிலும் ஒட்டிக்கொண்டு குகை விட்டுக் குகை போகும். அதனால் அங்கே குகைக்குப் போய் வந்தவர்கள் உடையையும் கயிற்றையும் குறைந்தது 55 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் ஊறப்போடுகிறார்கள்.

அந்தப் பூஞ்சை 20 டிகிரிக்கு மேல் வளராது, நம் தென்னிந்தியக் குகைகள் அதைவிடச் சூடு, இங்கே வவ்வால்கள் அப்படி நீண்ட உறக்கம் போடுவதும் இல்லை. அதற்காக அலட்சியமாக இருக்கலாமா? பெலகாவி பக்கம் பாராபேடே குகை இருக்கிறது. ராட்டன் வவ்வால் என்ற மிக அரிய இனத்தின் முக்கியமான இருப்பிடம். ஒரு குகைச் சேற்றோடு இன்னொரு குகைக்குள் போகாதீர்கள். வவ்வால் தொங்குகிற இடத்தில் டார்ச் அடித்து, கத்தி, அவற்றைக் கலைக்காதீர்கள். அவை கலைந்து பறந்தால் தூசியும் கிளம்பும், நஷ்டம் இரண்டு பக்கமும்தான்.

குகைநடை | சனி, இரவு 9:30

காவ்யா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். எங்கள் குழு ஒரு குகை முடிந்ததும் ஆற்றிலேயே பூட்ஸைத் தேய்த்துக் கழுவும், அறைக்கு வந்து வெந்நீரில் ஊறப்போடும்.

மாஸ்க் பற்றிச் செந்தில் கேட்டிருந்தார். துணி மாஸ்க்கும் அறுவைசிகிச்சை மாஸ்க்கும் இதற்கு உதவாது. என்95 வேண்டும், கன்னத்தோடு இடைவெளி இல்லாமல் ஒட்டியிருக்க வேண்டும். தாடி இருந்தால் ஓரத்தில் காற்று நுழையும். பேலம் புழுக்கத்தில் அது சீக்கிரம் நனைந்துவிடும், நனைந்தால் மூச்சு இழுப்பது கஷ்டம், ஆகவே மாற்றுக்கு இன்னொன்று வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த எச்சம் உள்ள அறையைப் பார்த்தால் மாஸ்க் இருக்கிறதே என்று நம்பி உள்ளே போகாதீர்கள், திரும்பிவிடுங்கள். இரவு ட்ரெக்கிங்கில் தரை தெரியாது, அதனால் அந்தரகங்கைக்கு நீங்கள் போவதாக இருந்தால் பகலில் போங்கள்.

ஹலசூர்_முருகேசன் | ஞாயிறு, காலை 6:40

எல்லோரும் பொறுமையாக எழுதியதற்கு நன்றி. இரண்டு நாளாக இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். எங்களுக்கு ஒரு உழவாரப்பணிக் குழு இருக்கிறது. மாதம் ஒரு ஞாயிறு ஓசூர், கிருஷ்ணகிரி, கோலார் பக்கம் பூஜை நின்றுபோன பழைய கோயில்களுக்குப் போய்ச் சுத்தம் செய்வோம். போன மாதம் போன கோயிலில் உள் பிராகாரம் முழுக்க இருட்டு. கருவறைக்கு முன்னால் வவ்வால் எச்சம் கணுக்கால் வரை. காய்ந்ததுதான். தென்னந்துடைப்பத்தால் பெருக்கி, கூடையில் அள்ளிக் கொட்டினோம். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாத அளவுக்குத் தூசி. எல்லோரும் துண்டைத்தான் மூக்கில் கட்டியிருந்தோம். நீங்கள் எழுதியதைப் படித்தபோது குகையைவிட இதுதான் மோசம் போல எனக்குப் படுகிறது. இந்தப் பணியை விட முடியாது. எப்படிச் செய்வது என்று சொல்லுங்கள்.

நெஞ்சக_மருத்துவன் | ஞாயிறு, காலை 7:55

ஐயா, நீங்கள் நினைத்தது சரி. உலகத்தில் இந்த நோய் கூட்டமாக வந்த சம்பவங்களில் பெரும்பாலும் குகைக்குள் போனவர்களோடு, பழைய கட்டடத்தை இடித்தவர்களும் பறவை, வவ்வால் எச்சத்தைக் கூட்டி அள்ளியவர்களும்தான் இருக்கிறார்கள். போன மாதம் வந்தவர்களில் யாருக்காவது அதன்பின் காய்ச்சலோ விடாத இருமலோ இருந்தால் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள், எச்சம் கூட்டியதை மறக்காமல் சொல்லச் சொல்லுங்கள். குழுவில் சர்க்கரை கட்டுப்படாதவர், ஸ்டீராய்டு எடுப்பவர், சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர், கீமோ எடுப்பவர் இருந்தால் அவர்களுக்கு வெளிப் பிராகாரத்தில் புல் செதுக்கும் வேலை கொடுங்கள்.

அகார்_தட்டு | ஞாயிறு, காலை 10:10

துடைப்பத்தைத் தொடுவதற்கு முன்னால் நனைக்க வேண்டும், ஐயா. அதுதான் எல்லாவற்றிலும் பெரியது. வாளியில் அள்ளி வேகமாக ஊற்றினால் அந்த அடியிலேயே தூசி கிளம்பும். மெல்லிய தூவலாக, மேலிருந்து மெதுவாக நனைத்து, ஊற விட்டு, மறுபடி நனைத்து, அடி வரை ஈரம் இறங்கியபின் மண்வெட்டியால் வழித்து எடுங்கள். தண்ணீரில் கொஞ்சம் சோப்பு கரைத்தால் காய்ந்த எச்சத்துக்குள் நன்றாக இறங்கும். கெட்டியான பைகளில் அங்கேயே கட்டிவிடுங்கள், திறந்த கூடையில் தலையில் சுமக்க வேண்டாம். என்95, கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை. முடித்ததும் அதே உடையோடு வண்டியில் ஏறாமல், அங்கேயே மாற்றித் தனிப் பையில் போடுங்கள். ஈரம் காய்ந்தபின் மறுபடி துடைப்பம் போடாதீர்கள்.

காவ்யா_இசிட்டி | ஞாயிறு, காலை 10:40

ஒரு வேண்டுகோள், ஐயா. சுவரிலோ விதானத்திலோ பழைய ஓவியம், சுண்ணாம்புப் பூச்சு, மசியில் எழுதிய எழுத்து ஏதாவது இருந்தால் அந்தப் பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது. ஈரம் பட்ட பூச்சில் பூஞ்சை பிடித்துவிடும், நிறம் உரிந்து வந்துவிடும். முதலில் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்து அடித்துப் பாருங்கள், மங்கிய கோடுகள்கூடத் தெரியும். இருந்தால் அந்த மண்டபத்தை விட்டுவிட்டுத் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். வவ்வால்களை விரட்டப் புகை போடுவதும் வேண்டாம், கரி ஓவியத்தில் ஏறும்.

செந்தில்_வைட்ஃபீல்ட் | ஞாயிறு, மதியம் 2:20

அம்மாவும் மனைவியும் கந்திக்கோட்டையில் தங்குகிறார்கள், நானும் மகளும் மட்டும் காலையிலேயே பேலம் போய் வருகிறோம். மகளின் மருத்துவர் சரி என்றார். அந்தரகங்கையைப் பகலுக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன், நண்பர்களுக்கு இந்த உரையாடலை அனுப்பிவிட்டேன். முருகேசன் ஐயா, உங்கள் குழு இடம் சொன்னால் அடுத்த பணிக்கு நானும் வருகிறேன்.

ஹலசூர்_முருகேசன் | ஞாயிறு, இரவு 7:30

வாருங்கள் தம்பி, தனிச்செய்தியில் இடம் அனுப்புகிறேன். தூவலாக நனைக்க, எங்கள் குழுவில் ஒருவர் தோட்டத்துக்கு மருந்தடிக்கும் முதுகுத் தெளிப்பான் இரண்டு தருவதாகச் சொல்கிறார். அதையே எடுத்துக்கொள்ளலாமா?

அகார்_தட்டு | ஞாயிறு, இரவு 7:50

கருவி அதேதான், ஆனால் மருந்தடித்தது வேண்டாம் ஐயா. எத்தனை கழுவினாலும் குழாயில் பூச்சிமருந்து தங்கும், மூடிய மண்டபத்தில் அதை நீங்களும் சுவாசிப்பீர்கள், வவ்வால்களுக்கும் விஷம். புதிதாக ஒன்று வாங்கி, உழவாரப்பணிக்கு மட்டும் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முனையைப் பனி மாதிரி விழும் அளவுக்குத் திருகிவிட்டு, போகும் முன் வீட்டு மொட்டைமாடியில் ஒருமுறை அடித்துப் பாருங்கள்.